மரவள்ளிக்கு விதை தேடிப் போனது

ஐந்தாம் வகுப்பில் டீச்சர், ஒரு செடியின் வாழ்க்கைச் சுழற்சியை வரைந்து பெயர் குறித்து வரச் சொன்னார். வகுப்பே அவரைச் செடியின் மேல் பாய்ந்தது. புத்தகத்தில் இருந்தது அதுதான். பார்த்து வரைய நான் என்ன ஈயடிச்சான் காப்பியா? எங்கள் கொல்லை முழுக்க மரவள்ளி. அதைத்தான் வரைந்தேன்.

குச்சி, துளிர், செடி, கிழங்கு, கிழங்கு ஏற்றிய குட்டியானை வண்டி, ஜவ்வரிசி ஆலை, பாயசம். எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி, ஸ்கேல் வைத்து அம்புக்குறி போட்டேன். பாயசத்திலிருந்து மறுபடி குச்சிக்குப் போகும் அம்பு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் போட்டுவிட்டேன்.

டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “நல்லாத்தான் வரைஞ்சிக்கினு வந்திருக்க. விதை எங்க பாப்பா? திங்கக்கெழமை விதையோட வந்தா உன் சார்ட்டுதான் கள்ளக்குறிச்சி கண்காட்சிக்கு. இல்லன்னா அவரைதான்” என்றார். பக்கத்தில் இருந்த அவரைக்காரி அப்போதே பஸ் ஏறிவிட்டவள் மாதிரி என்னைப் பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அப்பாவிடம் கேட்டால், “மரவள்ளிக்கு இன்னாடி விதை? குச்சிய ஒடிச்சி நட்டா வருது” என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பத்து மாதத்தில் பிடுங்கிவிடும் செடியில் யார் காயைப் பார்த்தார்கள்? நான் அழுத அழுகையில் அம்மாவின் தம்பி எழுந்து வந்தார்.

மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். மலையிலிருந்து ஆலைக்குக் கிழங்கு ஏற்றிவரும் குட்டியானை அவருடையது. “வெள்ளிமலையில ரெண்டு வருசம் புடுங்காம வுட்டு வெப்பாங்க. அங்கதான் விதை. இங்க எங்கயும் கெடையாது” என்று அடித்துச் சொன்னார். சனிக்கிழமை காலையில் புதுச் சட்டையும் பவுடருமாக வந்து வண்டியை எடுத்தார். ஒரு விதைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வளைந்து வளைந்து மலை ஏறி, வெள்ளிமலையில் ஒரு நர்ஸ் அக்காவின் வீட்டு முன்னால் நிறுத்தினார். திருக்கோவிலூரிலிருந்து வேலைக்கு வந்து வாடகைக்கு இருந்தவர். வேலியோரம் என்னைவிட மூன்று மடங்கு உயரத்தில் மரவள்ளி. உச்சியில் பச்சைப் பச்சையாகக் காய்!

நான் குதித்தேன். மாமாவோ ஒரு காயைக் கிள்ளிப் பார்த்து, “இன்னும் முத்தல. நாளைக்கு வரணும்” என்றார். ஒரே நாளில் எப்படி முத்தும் என்று நான் கேட்கவில்லை. அந்த அக்காவும், “ஆமாங்க, நாளைக்கு வாங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமையும் போனோம். நான் தனியாகத் துரட்டி வைத்துப் பறித்தேன். அவர்கள் இருவரும் வாசலில் நின்று காயைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கண்காட்சிக்கு என் சார்ட்டுதான் போனது. பாயசத்துக்கும் குச்சிக்கும் நடுவில் காய்களை நூலால் தைத்துத் தொங்கவிட்டிருந்தேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அடித்ததும், காய்ந்த காய் படாரென்று வெடித்தது. ஆமணக்கு முத்து போன்ற விதை ஒன்று பறந்து போய், பார்வையிட வந்த பெரியவரின் வழுக்கையில் விழுந்தது. அவர் தடவிப் பார்த்துச் சிரித்ததால் தப்பித்தேன். எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு.

அடுத்த வாரம் எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனேன். பிடுங்க மறந்த பழைய மரவள்ளி ஒன்று கிளை முறிகிற அளவுக்குக் காய்த்து நின்றது. மாமா தினமும் குளித்துவிட்டுத் துண்டு காயப்போடுவது அந்தச் செடியில்தான். ஐயோ பாவம், மாமாவுக்குக் கண் சரியில்லை! மனசு கஷ்டப்படுவார் என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறு வருஷம் தை மாதம் மாமாவுக்கும் அந்த அக்காவுக்கும் கல்யாணம். பந்தியில் பாயசம் ஊற்றும்போது, புது அத்தையின் காதில் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். “அத்தை, நம்ம வூட்டாண்டயே விதை இருந்துச்சி. மாமாவுக்குத்தான் தெரியல. ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க.”

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒரு மனுஷனுக்குக் கண் தெரியாததில் இவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.