நிமியின் சிவப்புப் பலகை

பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் நிமி வார்டு மெம்பராகி நான்கு மாதம் ஆகியும் ஒரு மனுகூட அவள் கைக்கு வரவில்லை. கம்பெனி கட்டிக்கொடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் வேலையை மேற்பார்க்கும் கங்காணி சுவக்கீனிடமே கொடுத்தார்கள். அவர் தனக்கு வேண்டியவர்களுடையதை மட்டும் பஞ்சாயத்துக்கு அனுப்பினார். பிறகு தேர்தல் எதற்கு?

போலந்தில் காளான் பண்ணையில் வேலை பார்க்கும் தம்பி ஜோமோன் போனில் சொன்னான்: "இங்கயும் முந்தி பண்ணையாரோட ஆளுதான்க்கா ஊர்த்தலைவர். அப்பனுக்கப்புறம் மகன். இப்ப ஊர்க்கூட்டத்துல ரகசிய ஓட்டு. ஜெயிச்சவங்க வீட்டுல சிவப்புப் பலகை மாட்டிருக்கு. யாரு வேணா போயி கதவைத் தட்டலாம்."

நிமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரமே ஒரு சிவப்புப் பலகையில் 'வார்டு மெம்பர் நிமி' என்று எழுதி வாங்கி, வாசல் சுவரில் ஆணியை வைத்தாள். சுவக்கீன் வந்து நின்றார்.

"என்ன தாயி, கலெக்டர் ஆபீசா? சுவரு கம்பெனியோடது. ஆணி அடிச்சே, வீட்டைக் காலி பண்ணணும்."

மூன்று தலைமுறை முதுகொடிய உழைத்த குடும்பத்துக்கு ஓர் ஆணி அடிக்க உரிமையில்லை.

"சுவரு அவங்களோடது. முதுகு என்னோடதுதான மாமா?"

மறுநாள் பலகையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினாள். எல்லோரும் சிரித்தார்கள். பத்து மணிக்குத் தேநீர் குடிக்கும்போது கூடக் கொழுந்து பறிக்கும் மரியபுஷ்பம் எழுந்து வந்தாள். சுவக்கீன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் தயங்கி, மடித்து வைத்திருந்த தாளை நிமியிடம் நீட்டினாள்.

சொந்த வீடு கேட்டு எழுதிய மனு அது.