அக்காவின் குடல் துண்டு

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லேபில் வினோதாவுக்கு வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து சின்னப் புட்டிகளில் வரும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பாள். பதினோரு வருஷத்தில் ஓசூர்க்காரர்களின் வயிற்றுக்குள் இவள் பார்க்காத இடமில்லை. சொந்த அக்காவின் வீட்டு வாசலைத்தான் நாலு வருஷமாகப் பார்க்கவில்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். தன் மகனின் காதுகுத்துக்கு அக்கா ருக்மணி நேரில் வந்து பத்திரிகை வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். கூடப் பிறந்தவளுக்கே இந்த மரியாதையா என்று இவள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவளும் கேட்கவில்லை. அக்கா இருக்கும் பாகலூருக்குப் போகிற பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் ஏறிவிடலாமா என்று வினோதா நினைப்பாள். ஏறினதில்லை. வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஒரு திங்கட்கிழமை வந்த புட்டியில் 'ருக்மணி, வயது 41, சிறுகுடல்' என்று எழுதியிருந்தது. கூட வந்த சீட்டில் பாகலூர் விலாசம், கணவர் பெயர் சென்னகிருஷ்ணன். ஓயாத வயிற்றுப்போக்கு, ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ இளைப்பு. அக்காவேதான்.

அரிசிக் குருணை அளவுதான் துண்டு. அதை மெழுகில் ஓரமாக நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்போதுதான் குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுகிற நுண்விரல்கள் வரிசையாகத் தெரியும். கண் கலங்கிப்போன வினோதா துண்டைப் படுக்க வைத்துவிட்டாள். மைக்ராஸ்கோப்பில் விரல்களுக்குப் பதில் வட்ட வட்டமாகத்தான் தெரிந்தது.

"என்ன வினோதா, நேத்து வேலைக்குச் சேர்ந்தவ மாதிரி? இதை வச்சு நான் என்ன சொல்றது?" என்றார் கண்ணாடியைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர் பிரியதர்ஷினி.

"எங்க அக்கா மேடம்."

டாக்டர் கண்ணாடியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "அப்ப இன்னும் ஒழுங்கா வை" என்றார்.

மெழுகை உருக்கி, துண்டை நிமிர்த்தி, மறுபடி சீவினாள். இந்த முறை உள்சுவர் தெளிவாகத் தெரிந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடம் தேய்ந்து மொட்டையாக இருந்தது. அக்கா தின்றது எதுவும் அவள் உடம்பில் ஒட்டவில்லை.

"கோதுமை ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னா நிறுத்திடலாம். விரலெல்லாம் மெதுவா திரும்ப வளரும்" என்றார் டாக்டர். வளரும் என்ற சொல்லைக் கேட்டதும் வினோதா பாத்ரூமுக்குப் போய் அழுதாள்.

வியாழக்கிழமை ரிப்போர்ட் வாங்க ருக்மணியே வந்தாள். புடவை அவள்மேல் தொங்கியது. வினோதா கவுண்டருக்கு ஓடி வந்தாள். "அக்கா, உன் டெஸ்டை நான்தான் செஞ்சேன். சரியாயிடும்க்கா."

ருக்மணி கவரைப் பிரிக்கவில்லை. "நாலு வருஷமா முழு ஆளா பாகலூர்லதானே இருந்தேன்? ஒரு தாட்டி வந்து பாக்கல. என் கொடல்ல துண்டு அறுத்துக் குடுத்தாதான் உனக்கு அக்கா கண்ணுக்குத் தெரிவாளாடி?"

அக்கா போய்விடப் போகிறாளே என்று வினோதா கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வெறும் எலும்புதான் கைக்கு வந்தது. ருக்மணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.