பூட்டிய வீட்டின் சாவி

மலேசியாவில் கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்தவள் பரீதா. எண்பத்தேழில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சோமுவோடு அவள் ஓயாமல் மல்லுக்கு நின்றது ஒரே விஷயத்துக்குத்தான். ரப்பர் பால் எடைக் கணக்கின் நகல்கள் வெறும் எண் போட்ட டிஸ்கெட்டுகளில் இருந்தன. எந்த எண்ணில் எந்த மாதம் என்ற பட்டியலோ கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருந்தது.

"அதுக்கே தெரியுமே, தனியா வேற எதுக்கும்மா?" என்றார் சோமு.

"வீட்டப் பூட்டி சாவிய உள்ளயே வைப்பீங்களா சார்?"

கேட்டதோடு நிற்காமல், மாதாமாதம் பட்டியலை வேறொரு டிஸ்கெட்டில் ஏற்றி, தன்னைப் பெற்ற அத்தாவின் சாப்பாட்டுக்கடை அலமாரியில் வைத்தாள்.

ஆயுதபூஜைக்கு முன்பு இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகியது. புது மெஷின் வந்ததுமே பரீதா கடைக்குப் பறந்தாள். பட்டியல் திரையில் வரிவரியாக எழுந்தபோது ஆபீசே அவள் நாற்காலியைச் சுற்றி நின்றது. கேட்ட மாதமெல்லாம் கிடைத்தது.

பூஜையன்று சோமு சந்தனக் கிண்ணத்தோடு புது மெஷினைத் தாண்டிவந்து, அந்த டிஸ்கெட்டைக் கேட்டார்.

பரீதா அதைச் சட்டென்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "ஈரம் பட்டா செத்துடும் லா சார். கைப்பைக்கு வேணும்னா வைங்க."

சோமு கைப்பைக்கே பொட்டு வைத்தார்.