நிறுத்தி வைத்த சட்டமும் என் லாரியும்

கையெழுத்தும் பிழைகளும் மோசமாக இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். எண்ணூரில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறேன்.

ஆள் சாகும்படி விபத்து ஏற்படுத்திவிட்டுப் போலீசுக்குச் சொல்லாமல் ஓடும் டிரைவருக்குப் பத்து வருடம் வரை ஜெயில் என்று புதுச் சட்டம் வந்தது. வெளிமாநில டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். எங்கள் யார்டிலும் கோஷம் போட்டோம். அரசு அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தது. கத்தினால் சட்டம் நிற்குமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். சங்கத்து அண்ணனிடம் கேட்டேன்.

"அதுல இன்னாதாண்ணே எழுதிக்கீது?"

"கோஷம் போட்டுட்டு இப்பத்தான் கேக்குறியா நைனா? போலீசுக்கு உடனே சொல்லிட்டா அந்தப் பத்து வருஷம் கெடையாது."

அடுத்த மாதமே திருவொற்றியூரில் என் வண்டி உரசி, சைக்கிளில் போன ஒரு பெரியவர் விழுந்தார். கூட்டம் கதவைத் தட்டியது.

"அடிச்சே கொன்னுடுவானுங்க, ஓடு மாமு!" என்றார் கூட வந்த டிரைவர். அடிக்குப் பயந்து ஓடுவதுதான் எங்கள் வழக்கம்.

நான் கதவைப் பூட்டிக்கொண்டு, உள்ளிருந்தே ஆம்புலன்சையும் போலீசையும் கூப்பிட்டேன். கால் உடைந்தாலும் பெரியவர் பிழைத்தார். எனக்கும் அடி விழவில்லை. எதை எதிர்த்துக் கத்தினேனோ, அது கேட்டதைத்தான் செய்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் கோஷம் போடக் கூப்பிட்டால், கூச்சப்படாமல், நோட்டீசை முதலில் படித்துக் காட்டச் சொல்கிறேன்.

எழுதி முடித்தது: ஆடி பதினெட்டு.