லியோந்தின் காத்த விமானம்

எங்கள் ஊர் வயலிலிருந்து ஒரு விமானம் பறந்ததாகப் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி லியோந்தின் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கு இருபத்தாறு வருஷம் தபால்காரனாக இருந்ததால் எனக்கும் தெரியும்.

1909இல் அவளுக்கு இருபத்திரண்டு வயது. மாவு மில் முதலாளி வால்க்ரோவுக்கு விமானப் பைத்தியம் பிடித்திருந்த நேரம். சைக்கிள் கடை எமிலியன் அவருக்கு இஞ்சின் பொருத்திக் கொடுத்தான். எமிலியனின் மனைவி லியோந்தின், தன் வீட்டு வைக்கோல் கொட்டகையில் உட்கார்ந்து இறக்கைகளுக்கு லினன் துணி தைத்தாள். நாலு மாதம் விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து.

அறுவடை முடிந்த கோதுமை வயலில் ஒரு காலை விமானத்தை நிறுத்தினார்கள். வால்க்ரோ ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் உறுமியதும் இறங்கிவிட்டார்.

"வயிறு என்னவோ பண்ணுது. எமிலியன், நீ ஒரு தடவை ஓட்டிப் பாரு."

எமிலியன் ஓட்டினான். நூற்றெண்பது மீட்டர் தூரம் சக்கரம் தரையைத் தொடவில்லை. வால்க்ரோ குழந்தை மாதிரி குதித்தார். அந்தச் சந்தோஷத்தில் கீழ் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, துணியில் பென்சிலால் தேதியையும் தூரத்தையும் எழுதினார். 'ஓட்டியவன் எமிலியன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அடுத்த வாரப் பத்திரிகையில் பறந்தது வால்க்ரோ.

"பறந்தது நீ. அந்தாளு கக்கூஸுக்கு ஓடுனதை வயல்ல நின்ன எல்லாரும் பாத்தாங்களே" என்றாள் லியோந்தின்.

"அவரு மெஷினு, அவரு பேரு. விடேன். இறக்கையில எழுதியிருக்குல்ல, அது போதும்" என்று சிரித்தான் எமிலியன்.

1914 ஆகஸ்டில் அவன் போருக்குப் போனான். செப்டம்பரில் மேயர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் செத்த செய்தியோடு அவள் வாசலில் வந்து நின்றார். வால்க்ரோ அதற்குள் மில்லை விற்றுவிட்டுத் தெற்கே போயிருந்தார். விமானம் கொட்டகையிலேயே கிடந்தது.

முப்பத்தேழு வருஷம் அவள் அதைக் காத்தாள். எலிக்குப் பூனை வளர்த்தாள். மழைக்காலத்துக்கு முன் தானே கூரை ஏறி ஓடு மாற்றினாள். இரண்டாவது போரில் ஜெர்மன்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் சிப்பாய்கள் கொட்டகைக் கதவைத் தட்டியபோது, "உள்ள பூரா சீக்குக் கோழி, தொட்டா ஒட்டிக்கும்" என்று சொல்லித் துரத்தினாள். விறகு கிடைக்காத அந்தக் குளிரில் அலமாரிக் கதவுகளைப் பிளந்து எரித்தாள். விமானத்தின் ஒரு மரச் சட்டத்தைக்கூடத் தொடவில்லை.

1951இல் விமானத்தை எடுத்துப் போக பாரிஸ் அருங்காட்சியகத்திலிருந்து தெல்வினி என்ற அதிகாரி வந்தார். நல்ல மனுஷன். விமானத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். லியோந்தின் அவரை இறக்கைக்கு அடியில் குனிய வைத்து எழுத்தைக் காட்டினாள்.

"அற்புதம்மா! ஒரு நூல்கூடப் போகாம பாத்துக்கறோம்."

பக்கத்து வீட்டு ஃபெர்னான்ட் மட்டும் அவள் காதில் சொன்னாள்: "அடியே, அந்த எழுத்து இருக்கற துண்டை வெட்டி நீ வச்சுக்க. பாரிஸ்காரன் பேச்சை நம்பாத."

"நான் தச்ச துணியில நானே கத்திரி வைக்கறதா? போடி."

இரண்டு வருஷம் கழித்து விமானம் காட்சிக்கு வந்தது. அவளை நான்தான் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். பளபளவென்று நின்றது. புதுத் துணி, புது வார்னிஷ். அவள் தரையில் முழங்கால் ஊன்றி இறக்கைக்கு அடியில் பார்த்தாள். காவலாளி அதட்டினான். எழுந்து பலகையைப் படித்தாள்: வடிவமைத்தவர், ஓட்டியவர், வால்க்ரோ.

தெல்வினி ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். அவர் இடத்தில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்.

"பழைய துணி பூரா பூஞ்சை பிடிச்சிருந்ததும்மா. மரத்துக்கும் பரவிடும். பிரிச்சு எரிச்சுட்டோம்."

"அதுல எழுதியிருந்துச்சே?"

"எரிக்கறதுக்கு முன்னாடி படம் பிடிச்சோம். மேல் பக்கம் மட்டும்தான். ஓட்டுனது உங்க வீட்டுக்காரர்னு ஏதாவது ஆதாரம் இருக்கா? பத்திரிகைல வேற மாதிரி இருக்கே."

"ஆதாரத்தைத்தான் எரிச்சுட்டேன்னு சொல்றியே."

அவர் பேனாவை மூடினார். ரயிலில் திரும்பினோம். ஊர் ஸ்டேஷன் வந்ததும் சொன்னாள்: "தம்பி, அந்தக் குளிர்லயே எரிச்சிருக்கலாம். நானாவது சூடா இருந்திருப்பேன்."

பிறகு அருங்காட்சியகத்துக்கு ஐந்து கடிதம் எழுதினாள். ஐந்தையும் நான்தான் எடுத்துப் போனேன். ஐந்துக்கும் ஒரே பதில்: 'தங்கள் தகவல் குறித்துக்கொள்ளப்பட்டது.' அன்று வயலில் நின்ற மற்றவர்களும் அதற்குள் செத்திருந்தார்கள்.

1959இல், பறந்து ஐம்பது வருஷம் ஆனதென்று, மேயர் அந்த வயலோரம் வால்க்ரோ பெயரில் கல் நட்டார். "விமானத்தைக் காப்பாத்துனவங்க நீங்க. முன் வரிசையில உக்காரணும்" என்று அவளைக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. பேண்டு வாத்தியம் கேட்டுக்கொண்டிருந்தபோது தேவாலயத்துக்கு எதிரே, போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய தூணருகே நின்றிருந்தாள். எமிலியன் பெயர் அதில் ஏழாவது.

"செத்ததை மட்டும் எழுத்துப்பிழை இல்லாம எழுதிட்டானுங்க" என்றாள் என்னிடம்.

அந்தக் குளிர்காலத்திலேயே அவளும் போய்விட்டாள். பலகையை இன்னும் யாரும் மாற்றவில்லை.