பன்னிரண்டு ஜிபியில் ஒரு தென்னந்தோப்பு

கம்ப்யூட்டர் திரையில் படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு வியாபாரத்தில் நாங்கள் பொருளைவிட எண்களைத்தான் அதிகம் விற்கிறோம். மெமரி எத்தனை ஜிபி, எத்தனை வாட், நொடிக்கு எத்தனை படம்! அட்டைப்பெட்டியில் இருக்கிற எண்களைப் படித்துப் படித்துத் தலை சுற்றிப்போன வாசகர்களே, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கும் அதே கதிதான். புதுச்சேரியில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் நாலே நாளில் என் கர்வம் இறங்கிய கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை போணி

ஷட்டரைத் தூக்கும்போதே ஜெயந்தி ஸ்கூட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அரியாங்குப்பத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்பவர். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்துவிட்டது போலக் கம்ப்யூட்டரில் காட்டுவதுதான் அவர் வேலை. இன்ஜினியர் கொடுக்கிற பிளானை வைத்து, வாசலில் நுழைந்து அறை அறையாக நடந்து போகிற மாதிரி வீடியோ செய்து தருவார்.

பிள்ளைச்சாவடியில் கடலோரமாக ஒரு குடும்பம் வீடு கட்டப்போகிறது. அவர்கள் இருப்பது பிரான்சில். திங்கட்கிழமை மதியம் அங்கிருந்தபடியே வீடியோவைப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் அந்த இன்ஜினியரின் அடுத்த ஆறு வீடுகளும் ஜெயந்திக்கு. பிடிக்காவிட்டால் சென்னைக் கம்பெனி ஒன்று தயாராக நிற்கிறது. இந்த நேரம் பார்த்து அவருடைய பழைய கார்டு உயிரை விட்டுவிட்டது. நான் வழக்கம்போல வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒரே ஒரு கார்டுதாண்ணா என்னால வாங்க முடியும், தப்பாப் போனா மாத்த நாளும் இல்ல. அதனால வாயால சொல்லாதீங்க, ஓட்டிக் காட்டுங்க.”

இரண்டும் சமம்

ஓட்டிக் காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதற்கென்றே மூடியில்லாத ஒரு கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்திருக்கிறேன். புதிதாக வந்த இரண்டு கார்டுகளை, ஒன்று சாதாரணம், ஒன்று உசத்தி, மாற்றி மாற்றிப் போட்டு ஒரே கேமை ஓட்டினேன். இரண்டிலும் அச்சு அசலாக ஒரே எண். அதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நான் அசரவில்லை. கேமின் புது வெர்ஷன் சரியில்லை என்றேன். பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் விளம்பரம், உண்மையில் இரண்டும் சமம் என்று பத்து நிமிடம் வெளுத்து வாங்கினேன். ஜெயந்தி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கடையில் சர்வீஸ் பார்க்கிற சகாயமேரி அதிகம் பேசமாட்டார். உள்ளேயிருந்து வந்தவர் மேசைக்குப் பின்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

“அண்ணா, மானிட்டர் ஒயர கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகியிருக்கீங்க. இவ்ளோ நேரமும் ரெண்டு கார்டும் சும்மா ஒக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்துச்சு.”

முசேயின் நோட்டு

ஒயரைக் கார்டில் சொருகி ஓட்டியதும் உசத்தியான கார்டு பறந்தது. சாதாரணத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். இதையே எடுங்கள் என்றேன். என்னை நம்புகிற நிலையில் ஜெயந்தி இல்லை. மறுநாள் அந்த வீட்டு ஃபைலையே கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை அவருக்கு முன்னால், பிரெஞ்சு வழக்கப்படி நாங்கள் ‘முசே’, அதாவது ஐயா, என்று கூப்பிடுகிற பெரியவர் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது அவர் பொழுதுபோக்கு. பழைய கார்டைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்க வந்திருந்தார். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. என்றைக்குத் தூசி தட்டினார், எத்தனை மணி நேரம் ஓட்டினார், கார்டு எவ்வளவு சூடானது, எல்லாம் வாரம் தவறாமல் எழுதியிருந்தார். எத்தனையோ பழைய கார்டு வாங்கியிருக்கிறேன். ஜாதகத்தோடு வந்தது இது ஒன்றுதான். அசந்துபோய்ப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

“மூணு வருசப் பழசுதான் தம்பி, ஆனா ஒரு நாள்கூட இதுக்கு ஜொரம் வந்ததில்ல.”

ஜன்னல் வரைக்கும்

முசே போன கொஞ்ச நேரத்தில் ஜெயந்தி பென் டிரைவோடு வந்தார். நான் பரிந்துரைத்த புதுக் கார்டு கூடத்தைக் காட்டியது, மாடிப்படியைக் காட்டியது, சமையலறைக்குள் போனது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜன்னல் பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டது. மெமரி போதவில்லை என்று ஒரு வரி. ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு. அதில் கீற்றுக் கீற்றாக ஜெயந்தி செய்து வைத்திருந்த மரங்கள். புதுக் கார்டில் இருந்தது எட்டு ஜிபி. தோப்பை எடுத்துவிட்டால் அடங்கிவிடும் என்று வழி சொன்னேன். “தோப்பு அங்க நெஜமாவே இருக்குண்ணா. அத எடுத்துட்டு நான் எந்த எடத்தக் காட்டுறது?” என்றார். கையில் இருப்பது இரண்டே நாள், போவது ஆறு வீடு. அந்த நிலையிலும் ஒரு மரத்தைக்கூட விட்டுக்கொடுக்காத அந்தப் பெண்ணைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

சகாயமேரி முசேயின் கார்டை எடுத்து மாட்டினார். அதில் பன்னிரண்டு ஜிபி. என்னுடைய கேம் சோதனையில் அது புதியதற்குக் கிட்டேகூட வராது. இங்கேயும் மெதுவாகத்தான் போனது. ஆனால் சமையலறையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, தோப்புக்குள் போய்க்கொண்டே இருந்தது. மூன்று பேரும் டீயைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாரண்டி கிடையாதே என்று நான் இழுத்தேன். முசேயின் நோட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு ஜெயந்தி எழுந்துகொண்டார்.

“நீங்க கேம் ஓட்டிப் பாத்தீங்க, நான் வீட்ட ஓட்டிப் பாத்துட்டேன். இதையே கட்டிக் குடுங்க.”

திங்கள், மதியம் மூன்று

அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. பழைய கார்டு பாதியில் மக்கர் செய்திருந்தால்? அவருக்கு ஆறு வீடும் போய்விடும், கொடுத்தவன் நான். சகாயமேரியும் காலையிலிருந்து என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு அது அடித்தது, ஜெயந்திதான். ஸ்பீக்கரில் போட்டேன்.

“சமையல் ரூம்ல அந்த வீட்டம்மா நிறுத்தச் சொன்னாங்கண்ணா. தென்ன மரத்துக்கு நடுவுல கடல் தெரிஞ்சுது. அப்புறம் இன்ஜினியர்கிட்ட, இந்த ஜன்னல இன்னும் ரெண்டடி பெருசாப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆறு வீடும் எனக்குத்தாண்ணா!”

இத்தனை வருடத்தில் இருநூறு கார்டுகளின் எண்கள் எனக்கு மனப்பாடம், ஆனால் எந்த வேலைக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர்கள் மட்டும் ஏனோ கவுண்டருக்கு அந்தப் பக்கமும் சர்வீஸ் ரூமிலும்தான் இருக்கிறார்கள்.