எரிந்த சரிவில் நின்ற ஆள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் துஷ்யந்தி இதைச் சொல்லும்போது இன்றைக்கும் கோபத்தில் பல்லைக் கடிக்கிறாள். இட்டுக்கட்டிச் சொல்கிறவளுக்கு அப்படிக் கோபம் வராது.

பினாங்கில் ஆயர் ஈத்தாமுக்கு மேலே ஒரு மலைச்சரிவு தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது. மழை வந்தால் அங்கிருந்து சேறும் பாறையும் இறங்குமா என்று கணக்கிடுவது அவள் வேலை. கால்மணி நேரக் கனமழை போதும், கீழே உள்ள ஆறு வீடுகளும் போய்விடும் என்று எழுதிக் கொடுத்தாள். மேலாளர் 'அதிக ஆபத்து' என்பதைக் 'குறைந்த ஆபத்து' என்று மாற்றி அனுப்பிவிட்டார். அடியில் அவள் கையெழுத்து அப்படியே இருந்தது.

"ஒரு வார்த்தைதானே லா," என்றார்.

உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு. ஆதாரம் எடுக்க மறுநாளே தனியாக மலையேறினாள்.

பிற்பகல் 3:10. சாம்பலை விலக்கி மண்ணில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. மெழுகில் விழுந்ததுபோல் உருண்டு ஓடியது. மழை பெய்தாலும் இப்படித்தான், மொத்தத் தண்ணீரும் கீழே பாயும்.

சளக்... சளக்...

திரும்பினாள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். தலை முதல் கால் வரை ஈரச் சேறு. அங்கே மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

"குறைஞ்ச ஆபத்தா? கையெழுத்துப் போட்டியே!"

"அண்ணே, நான் அப்படி எழுதல..."

"போ. எல்லாக் கதவையும் தட்டு."

கண்ணைச் சிமிட்டினாள். ஆளில்லை.

சாம்பலில் அவள் காலடி மட்டும்...

தூரத்தில் இடி.

ஓடினாள்.

3:40. கதவுகளைத் தட்டிக் கத்தினாள். முதல் வீட்டு ஐரீன் எட்டிப் பார்த்தாள்.

"ரிப்போர்ட்ல ஒன்னும் இல்லன்னாங்களே?"

"அது பொய்க்கா! வெளிய வாங்க!"

ஐந்து வீடுகள் காலியாயின. ஆறாவது திறக்கவில்லை.

"பால்ராஜ் வீடு. வாசல்ல மோட்டார் சைக்கிள் இல்ல, வேலைக்குப் போயிருப்பாரு," என்றாள் ஐரீன்.

4:05. மழை.

4:20. மலை உறுமியது...

மறுநாள் ஆறாவது வீட்டிலிருந்து ஒருவரைத் தோண்டி எடுத்தார்கள். துஷ்யந்தி பார்த்தாள்.

அதே முகம்.

மாற்றாத அறிக்கையைப் போலீசில் கொடுத்துவிட்டு, அன்று வேலைக்குப் போயிருந்ததால் தப்பிய பால்ராஜின் மனைவி பிரமிளாவைத் தேடிப் போனாள். மோட்டார் சைக்கிள் ரிப்பேருக்குப் போயிருந்ததாம். இரவு வேலை முடித்து வந்தவர் வீட்டுக்குள்தான் தூங்கிக்கொண்டிருந்தார்.

"வெளியவே போகலையா?"

"இல்லக்கா. மூணு பத்துக்குப் படுக்கையிலேருந்து வீடியோ கால் பண்ணாரு. 'வாய் பூரா மண்ணா இருக்கு பிரமி'ன்னு துப்பிக்கிட்டே இருந்தாரு. கனவுதான், படுங்கன்னு... நான்தான் சொன்னேன்."